முள் சிவப்பைத் தொட வேண்டியதில்லை

கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்பவர்களிடையே நெடுங்காலமாகக் கைமாறி வரும் ஒரு விதி உண்டு. மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஆட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பதிவு வீக்காகிவிடும் என்பதுதான் அது. ஸ்பூல் டேப் காலத்து விதி. கேசட்டிலும் செல்லுபடியாகி, இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் ரெக்கார்டர் வரை அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. டேப்புக்கு அது நல்ல விதி. இன்றைய 24 பிட் ரெக்கார்டரில் அதைப் பின்பற்றினால் பதிவு கெடும். லெவலைத் தாழ்வாக வைத்துவிட்டு, கச்சேரி முடியும்வரை குமிழைத் தொடாமல் இருப்பதே சரி. கைவேலைக்காரரின் ரசனை சார்ந்த விஷயமாக இதைப் பேசுவது வழக்கம். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது.

முதலில் டேப்பின் நிலைமை. காந்தத் துகள் பூசிய நாடாவுக்கென்று சொந்த இரைச்சல் ஒன்று உண்டு. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஸ்ஸ்ஸென்று கேட்குமே, அது. 1963இல் ஃபிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டில், சிதையாமல் பதியக்கூடிய மிக உரத்த ஒலிக்கும் இந்த இரைச்சலுக்கும் நடுவே, டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு உபாயங்கள் இல்லாவிட்டால், ஏறக்குறைய 55 டெசிபல்தான் இடைவெளி. டெசிபல் என்பது விகிதக் கணக்கு: அலையின் வீச்சு இரண்டு மடங்கானால் 6 டெசிபல், பத்து மடங்கானால் 20. தரையில் இப்படி இரைச்சல் தேங்கி நிற்க, டேப்பின் கூரையோ இளகியது. துகள்கள் காந்தத்தால் நிறைய நிறைய அலையின் முகடு மெல்ல மழுங்குமே தவிர, சட்டென்று வெட்டுப்படாது. கொஞ்சம் மிஞ்சிப்போனாலும் காது பொறுத்துக்கொள்ளும். கீழே போனால் நிச்சயம் நஷ்டம், மேலே போனால் சலுகை என்றால் எவரும் மேலேதான் தள்ளுவார்கள். மீட்டரும் அதற்குத் தோதாகவே இருந்தது. 1939இல் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலி நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த வியூ மீட்டரில், ஓர் ஒலிக்கு முள் முழுதாக எழ 300 மில்லி வினாடி பிடிக்கும். மிருதங்கத்தின் சாப்பு ஒன்று சில மில்லி வினாடியிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடுகிறது. முள் அந்த உச்சத்தைப் பார்ப்பதே இல்லை. அது காட்டுவது ஒருவகைச் சராசரி. உண்மையான உச்சம் அதற்கு 10, 15 டெசிபல் மேலே நிற்கலாம். அந்த உச்சங்களை டேப்பே விழுங்கிக்கொண்டதால் யாருக்கும் குறை தெரியவில்லை.

டிஜிட்டலில் கூரை கான்கிரீட். மைக் தரும் மின்னழுத்தம் வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகிறது. எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணை 0 டெசிபல் என்று வைத்து, மற்ற அனைத்தையும் அதற்குக் கீழே மைனஸில் குறிப்பார்கள். 0ஐத் தாண்டிய அலைக்கு எழுத எண் கிடையாது. தாண்டிய அளவுகள் எல்லாம் அதே உச்ச எண்ணாகப் பதிவாகும். முகடு இருந்த இடத்தில் தட்டையான மேசை ஒன்று நிற்கும். கிளிப்பிங் என்பது இதுதான். தட்டை முகடு வந்துவிட்டால் பாடகர் எழுப்பாத மேல் அதிர்வுகளும் கூடவே வந்துவிடும். தார ஸ்தாயியில் நீளமாக நிற்கும் குரல் கரகரக்கும். நாகஸ்வரம் தகரம்போல் ஒலிக்கும். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: மிருதங்கத்தின் ஓர் அடியில் ஐந்தாறு அளவீடுகள் மட்டும் வெட்டுப்பட்டால், அது வினாடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரச் சேதம், பெரும்பாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் எத்தனை அளவீடு வெட்டுப்படும் என்பது பதிவு செய்பவரின் கையில் இல்லை. வெட்டுப்பட்டதைத் திரும்ப வளைத்துத் தரும் மென்பொருள்கள் உண்டு என்றாலும், இல்லாத முகட்டை அவை ஊகித்துத்தான் வரைகின்றன.

அப்படியென்றால் கூரையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம்? ரெக்கார்டரின் விவரக் குறிப்பில் தேடுவதைவிட அரங்கத்தில் தேடினால் இதற்கு விடை சீக்கிரம் கிடைக்கும். ஒரு சபா அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏசி ஓடுகிறது, பின்வரிசையில் ஃபேன் சுற்றுகிறது, சில நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் தொண்டையைச் செருமுகிறார், இன்னொருவர் பிளாஸ்டிக் பையைப் பிரிக்கிறார். பாட்டு இல்லாத இந்த அமைதியை 40 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வழியே வரும் தனி ஆவர்த்தனத்தின் உச்ச அடியை, மைக் இருக்கும் இடத்தில் 110 என்று தாராளமாகவே வைப்போம். ஆக, அந்தக் கச்சேரி மொத்தமாகக் கேட்கும் இடம் 70 டெசிபல். உச்சத்தையும் சராசரியையும் ஒரே தட்டில் வைக்கும் முரட்டுக் கணக்குத்தான் இது. முடிவு அதனால் மாறாது.

இந்த 70ஐ மூன்று கருவிகளில் வைத்துப் பார்க்கலாம். கேசட்டில் உச்சத்தைக் கூரையோடு ஒட்டி வைத்தாலும் அரங்கத்தின் அமைதி 70 டெசிபல் கீழே போய் நிற்கும். டேப் இரைச்சல் 55இலேயே தொடங்கிவிடுவதால் அமைதி 15 டெசிபல் ஆழத்தில் புதைந்துபோகிறது. அங்கே ஒவ்வொரு டெசிபலுக்கும் மதிப்பு உண்டு. பழைய விதி ஒரு துளியும் பிசகில்லாதது. அடுத்து 16 பிட், 1987இல் வந்த டாட் என்ற டிஜிட்டல் நாடாக்களின் அளவு. ஒழுங்காகச் செய்த 16 பிட் பதிவின் இரைச்சல் கூரைக்கு ஏறத்தாழ 93 டெசிபல் கீழே இருக்கும். உச்சத்தை -20இல் வைத்தால் அரங்கத்தின் அமைதி -90இல் விழும், இரைச்சல் -93. இரண்டும் கூடினால் அமைதி 1.8 டெசிபல் உயர்ந்து கேட்கும். கூர்ந்து கேட்பவர் கண்டுபிடித்துவிடலாம். இனி 24 பிட். காகிதத்தில் அதன் இடைவெளி 146 டெசிபல். எந்தக் கருவியும் அதை எட்டுவதில்லை என்பதால், சாதாரணக் கையடக்க ரெக்கார்டர் ஒன்றின் இரைச்சலை -105 என்று கறாராகவே மதிப்பிடுவோம். உச்சம் -20இல், அமைதி -90இல், கருவி இரைச்சல் அதற்கும் 15 டெசிபல் கீழே. கூட்டிப் பார்த்தால் அமைதி உயர்வது 0.14 டெசிபல். ஒரு டெசிபல் மாற்றத்தையே காது சிரமப்பட்டுத்தான் உணரும் என்பதை நினைத்தால், இந்த 0.14க்கு அர்த்தமே இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் 19 டெசிபல் ஏற்றினால் பாட்டும் ஏறும், ஏசியும் ஏறும், பிளாஸ்டிக் பையும் ஏறும். முள் சிவப்பில் நின்று பதிவாகியிருந்தாலும் அவை இதே விகிதத்தில்தான் இருந்திருக்கும்.

இங்கே வழக்கமாக வரும் ஆட்சேபம் பிட் கணக்கு. ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் போகிறது. 20 டெசிபல் இறங்கினால் மூன்று பிட்டுக்கு மேல் வீண். படிகள் குறைந்தால் ஒலியின் நுணுக்கம் குறையாதா? கணக்கு சரி, பயம் தவறு. 24 பிட்டில் 1,67,77,216 படிகள். கூட்டல் கழித்தல் ஒரு வோல்ட் வரை அளக்கும் கருவியில் ஒரு படியின் உயரம் 0.12 மைக்ரோவோல்ட். இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைக்கலாம். அறை வெப்பத்தில் எந்த மின்தடைக்குள்ளும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை; அவற்றின் துள்ளல் ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்தும், நைக்விஸ்ட் கணக்கிட்டும் 1928இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு கிலோ ஓம் மின்தடை, காதுக்குக் கேட்கும் அதிர்வெண் எல்லைக்குள் எழுப்பும் அந்த இரைச்சல் சுமார் 0.57 மைக்ரோவோல்ட். படியின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதாவது அடியிலுள்ள இரண்டு மூன்று பிட்டுகள் எப்போதும் பதிவு செய்துகொண்டிருப்பது சுற்றுக்குள் நடக்கும் வெப்பக் கூத்தைத்தான். அதற்கு மேலேயுள்ள ஒன்றிரண்டு ஏசியைப் பதிவு செய்கின்றன. இவற்றை இழப்பதற்காக வருத்தப்படுபவர் எதை இழந்தோம் என்று கேட்டுப் பார்க்கலாம். படிகள் குறைந்தால் ஒலி சொரசொரப்பாகும் என்ற எண்ணமும் பிசகு. அலையோடு கொஞ்சம் தற்செயல் இரைச்சல் கலந்திருந்தால், டிதர் என்று அழைக்கப்படும் அந்தக் கலப்பு, படிகளால் வரும் பிழையை வெறும் மெல்லிய இரைச்சலாக மாற்றிவிடும். ஒரு படியைவிடச் சிறிய ஒலிகூட அதற்குள்ளிருந்து கேட்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டர்கூயும் லிப்ஷிட்ஸும் 1984இல் இதை ஐயம் திரிபற எழுதிவிட்டார்கள். 24 பிட்டில் அந்தத் தற்செயல் இரைச்சலை யாரும் தனியாகக் கலக்கவேண்டியதுகூட இல்லை. அரங்கமும் மின்தடையும் அதை இலவசமாகத் தருகின்றன.

தாழ்வாக வைப்பதால் நஷ்டமில்லை என்றால் மட்டும் போதாது. லாபம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கர்நாடகக் கச்சேரியின் கட்டமைப்பே இதற்கு நல்ல சாட்சி. லெவல் பார்க்கக் கிடைக்கும் நேரம் வர்ணமும் அதையடுத்த சிறு கிருதியும். அப்போது பாடகரின் குரல் முழுதாகத் திறந்திருக்காது, மிருதங்கக்காரர் அடக்கி வாசித்துக்கொண்டிருப்பார், மைக் செட்காரர் ஃபேடர்களை இன்னும் நகர்த்திக்கொண்டிருப்பார். உரத்த பகுதி வருவது ஒன்றரை மணி நேரம் கழித்து. தனி ஆவர்த்தனத்தில் கடமும் கஞ்சிராவும் சேர்ந்து, குறைப்பு நெருங்க நெருங்க அடிகள் அடர்ந்து, மோரா முடிந்து கோர்வை சமத்தில் விழும். அந்த இடத்தில் மூன்று வாத்தியங்களின் முகடுகள் ஒரே நொடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அதோடு முடிந்ததா? அடுத்த நொடி கைதட்டல். மைக் ரசிகர்கள் நடுவே இருந்தால், அன்றைய மாலையின் மிக உயர்ந்த முகடு பெரும்பாலும் மேடையிலிருந்து வருவதில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது. ஸ்பீக்கர் 15 மீட்டர் தூரத்தில், கைகள் அரை மீட்டரில்: முப்பது மடங்கு நெருக்கம். திறந்தவெளிக் கணக்கில் இந்த நெருக்கமே கைதட்டலுக்கு ஏறக்குறைய 30 டெசிபல் முன்னுரிமை தருகிறது. எதிரொலிக்கும் அரங்கத்தில் அது குறையும் என்றாலும் கைதட்டல் மிருதங்கச் சாப்பைப்போலவே ஊசிமுனை ஒலி. மீட்டரை ஏமாற்றுவதில் அதற்கு நிகரில்லை. வர்ணத்தின் உச்சம் -6இல் நிற்கும்படி வைத்தவருக்கு இதெல்லாம் வந்து சேர இடமே இல்லை. -20 அருகில் வைத்தவருக்கு, கோர்வையும் கைதட்டலும் சேர்ந்து 12 டெசிபல் ஏறினாலும் இன்னும் 8 மிச்சம்.

வேகமாகக் கையை இயக்கித் தேவைப்படும்போது குறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். பல அனுபவசாலிகள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குமிழைத் திருப்பும் கை எப்போதும் முகட்டுக்குப் பின்னால்தான் வரும்; பார்த்த பிறகுதானே குறைக்க முடியும். அதைவிடப் பெரிய சேதம் வேறு. ஆலாபனை மந்திர ஸ்தாயியில் தணிந்து தொடங்கி ஏறி வருவதற்கு ஓர் அளவு இருக்கிறது. பதிவு செய்பவர் தணிந்த இடத்தில் ஏற்றியும் எழுந்த இடத்தில் இறக்கியும் அந்த அளவையே மாற்றி எழுதிவிடுகிறார். எங்கே எவ்வளவு திருப்பினார் என்பது கோப்பில் எங்கும் பதியாததால் பின்னால் திருத்தவும் வழியில்லை. ஆட்டோ லெவல் என்ற வசதி செய்வதும் இதைத்தான், மனிதக் கையைவிட மோசமாக. செல்போனில் எடுத்த கச்சேரிப் பதிவுகளில் பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் ஃபேன் சத்தம் அலைபோல் எழுந்து வருவதற்கும், ஒவ்வொரு மிருதங்க அடிக்கும் தம்புரா உள்வாங்கிப் போவதற்கும் இதுவே காரணம். லிமிட்டர் கொஞ்சம் நாகரிகமானது. எல்லையைத் தொடும் முகட்டை மட்டும் அமுக்கும். எதிர்பாராத ஒரே ஒரு விபத்துக்குக் காப்பீடாக அதைப் போட்டு வைப்பதில் தவறில்லை. கச்சேரி முழுவதும் அது வேலை செய்துகொண்டே இருந்தால் லெவல் வைத்தது தவறு என்று பொருள்.

தாழ்ந்த லெவல் காப்பாற்றாத இடம் ஒன்று இருக்கிறது. ஒலி எண்ணாக மாறுவதற்கு முன் மைக், அதன் மின்சாரம், முன்பெருக்கி என்று மூன்று கட்டங்களைக் கடக்கிறது. அவற்றுக்கும் தனித்தனிக் கூரை உண்டு. சில ரெக்கார்டர்களில் லெவல் குமிழ் முன்பெருக்கிக்குப் பின்னால் அமைந்திருக்கும். முன்பெருக்கியில் ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலையை அது சமர்த்தாகச் சுருக்கிக் கொடுக்கும். மீட்டர் -10ஐத் தாண்டியிராது, ஆனால் கணினியில் விரித்துப் பார்த்தால் முகடுகள் எல்லாம் -10இல் ரம்பம் வைத்து அறுத்ததுபோல் வரிசையாக நிற்கும். இப்படிப்பட்ட கருவிகளில் முதலில் தொட வேண்டியது லெவல் குமிழை அல்ல, மைக் உணர்திறனை உயர்வு, தாழ்வு என்று மாற்றும் சிறு சுவிட்சை. கருவியிலிருந்து இரண்டு மூன்று வோல்ட் மட்டும் வாங்கி ஓடும் எலெக்ட்ரெட் மைக்குகள், பேஸ் கிட்டாரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தாமே வெட்டிக்கொள்ளும். கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே அரங்கத்தில் தனிப் பகுதி ஒதுக்கிய நாடு அமெரிக்கா. அங்கே ராக் கச்சேரிப் பதிவர்கள் 9 வோல்ட் பேட்டரிப் பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது இதற்காகத்தான். நம் சபாக்களில் அதிகம் நடக்கும் விபத்து வேறொன்று: மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து வரும் வயரை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகுவது. தொழில்முறை மிக்ஸர் ஒன்றின் வழக்கமான அளவே 1.23 வோல்ட், முகடுகளில் 12 வோல்ட் வரைகூட அது தரக்கூடும். மைக் துளை எதிர்பார்ப்பதோ மில்லிவோல்ட் கணக்கு. எந்தக் குமிழும் இதற்கு மருந்தில்லை. லைன் துளையில் செருக வேண்டும், அல்லது நடுவே அளவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வயர் வேண்டும், அதுவும் இல்லையென்றால் மிக்ஸரிலேயே குறைத்துத் தரச் சொல்ல வேண்டும்.

இந்தச் சர்ச்சையே காலாவதியாகிவிட்டது, 32 பிட் ஃப்ளோட் வந்த பிறகு லெவலே வைக்க வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2019இல் வந்த ஸூம் எஃப்6 போன்ற கருவிகள் இதைப் பரவலாக்கின. அவற்றுள் ஒரே ஒலியை இரண்டு மாற்றிகள், ஒன்று மெல்லிய ஒலிக்கும் மற்றொன்று உரத்த ஒலிக்குமாக, ஒரே சமயத்தில் அளக்கின்றன. எந்த இடத்தில் எது சரியோ அதை எடுத்துக்கொண்டு, எண்ணைத் தசமப்புள்ளி நகரும் வடிவில் கருவி எழுதுகிறது. அந்த வடிவம் தாங்கக்கூடிய இடைவெளி 1,500 டெசிபலுக்கும் மேல். உலகத்தில் அவ்வளவு பெரிய ஒலியே கிடையாது என்பதால் கோப்பு ஒருநாளும் வெட்டுப்படாது. இது உண்மையான முன்னேற்றம், விளம்பரப் பேச்சல்ல. ஆனால் வெட்டுப்படாதது கோப்பு மட்டுந்தான். சிறிய மைக் ஒன்று 120 டெசிபல் சுமாரில் தன் எல்லையைத் தொட்டுவிட்டால், அதற்குப் பின்னால் 1,500 டெசிபல் இடம் காலியாகக் கிடந்தும் பயனில்லை. கோயில் பிராகாரத்தில் தவிலுக்கு நாலடி தள்ளி ரெக்கார்டரை வைப்பவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். பார்க்கப்போனால் 32 பிட் ஃப்ளோட் என் வாதத்தை மறுக்கவில்லை, அதன் எல்லைக்குக் கொண்டுபோகிறது: மேலே ஏராளமான காலி இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற அதே யோசனையைக் கருவியே செய்துகொள்கிறது.

எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாமா என்றால், முடியாது. முன் சொன்ன கணக்கு முழுவதும் அரங்கத்தின் அமைதி கருவியின் இரைச்சலுக்கு மேலே நிற்கிறது என்பதை நம்பியிருக்கிறது. மைக் செட் இல்லாத வீட்டுக் கச்சேரியில், இரவு பத்து மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு ஒருவர் வீணை வாசித்தால் அந்த அமைதி 30 டெசிபலுக்கும் கீழே போகலாம். அங்கே முன்பெருக்கியின் சீற்றம் முன்னுக்கு வந்துவிடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. தேர்ந்தெடுத்த கெயினில், அதாவது முன்பெருக்கியின் பெருக்க அளவில், எல்லோரும் பேசாமல் இருக்கும்போது அரை நிமிடம் பதிவு செய்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மைக்கைக் கழற்றிவிட்டு, அதன் மின்தடைக்கு ஈடான ஒரு சிறு மின்தடையைத் துளையில் செருகி, அதே கெயினில் இன்னோர் அரை நிமிடம். முதலாவது இரண்டாவதைவிட 10 டெசிபல் உயர்ந்திருந்தால் கருவி சேர்க்கும் இரைச்சல் அரை டெசிபல்கூட இல்லை, அந்த லெவல் போதும், அதற்கு மேல் ஏற்றுவதால் வரும் லாபம் எதுவுமில்லை. 10 இல்லையென்றால் கெயினை ஏற்ற வேண்டும், வீணையின் உச்சத்துக்கு மேலே 12 டெசிபலாவது இடம் மிஞ்சும்வரை. அதற்குப் பிறகும் சீற்றம் கேட்கிறதென்றால் அது பெரும்பாலும் மைக்கின் சொந்த இரைச்சல்; குமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மைக்கை வீணைக்கும் அதற்கும் உள்ள தூரத்தில் பாதிக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபல் வரை கிடைக்கும்.